‘கடன் வாங்கு’ என்றால் யாரிடம், டீச்சர்?

டீச்சர் பதில்கள்: மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பக்கம். இந்த முறை எல்லாமே பள்ளிக்கூடக் கேள்விகள்.

கேள்வி: என் மகன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. போர்டில் இருப்பதை முத்துமுத்தாக எழுதிக்கொண்டு வருகிறான். எழுதியதைப் படி என்றால் விழிக்கிறான். ஒரு வருஷம் அதே வகுப்பில் வைக்கச் சொல்லட்டுமா? இல்லை, இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிடட்டுமா?
ஒரு தாய், தாராவி

முத்துமுத்தாக எழுதுகிறான் என்கிறீர்களே அம்மா, நான் ஏமாந்ததும் அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோட்டு அழகாக இருந்தால் சிவப்பு மையில் டிக் போட்டு ‘நன்று’ என்று எழுதிவிடுவேன். ஒரு நாள் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கிற பீட் ஆபீசர் வந்தார். மராத்திக்காரர், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை வாசிக்கச் சொன்னார். தங்குதடை இல்லாமல் வாசித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதியில் அவர் கையை நீட்டி நைசாகப் பக்கத்தைத் திருப்பினார். அவள் நிறுத்தவே இல்லை. பழைய பக்கத்தையே ஒப்பித்துக்கொண்டு போனாள். தமிழ் தெரியாத மனிதருக்கு இரண்டு நிமிஷத்தில் பிடிபட்டது, இரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் நடத்திய எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளை எழுத்தைக் கோலம் மாதிரி வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒரு தாளில் பத்து எழுத்து. அடுத்து படம், கல், மாடு மாதிரி பத்துச் சின்னச் சொல். அப்புறம் நாலே வரியில் ஒரு பத்தி. கடைசியாக இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு குட்டிக் கதை. எந்தப் படியில் நிற்கிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திட்டவும் வேண்டாம், சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம். 2005 முதல் ஏசர் என்ற ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாகப் போய், பிள்ளைகளை வீட்டிலேயே ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்பது ஏறக்குறைய இதைத்தான். 2024இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 27 பேர். அது கிராமத்துக் கணக்கு, தாராவிக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் பிள்ளை ஒருவன்தான் இப்படி என்று நினைத்து நீங்கள் அழக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே வகுப்பில் இன்னொரு வருஷம் வைத்தால் என்ன நடக்கும்? புரியாத அதே பாடத்தை, புரியாத அதே விதத்தில் இன்னொரு தடவை கேட்பான். மகாராஷ்டிரத்தில் ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இப்போது ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது, தோற்றால் மறுதேர்வும் உண்டு. அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நீங்களாகப் போய் ஃபெயிலாக்கச் சொல்லாதீர்கள். இங்கிலீஷ் மீடியம் பற்றி ஒரு சங்கதி. கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போனார்கள். மற்றவர்களுக்குப் புத்தகம் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். தமிழில் இரண்டு எழுத்தைக் கூட்டத் திணறுகிறவனுக்கு ஆங்கிலத்திலும் அந்தத் திணறல் அப்படியே இருக்கும், கூடவே ஃபீஸ் வேறு.

பிறகு என்ன செய்வது? நம் ஊரிலேயே நடந்த கதை இருக்கிறது. 1995 வாக்கில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளோடு தொடங்கிய பிரதம் அமைப்பு, ‘பால்சகி’ என்று ஓர் ஏற்பாடு செய்தது. அதே பேட்டையில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரம் பயிற்சி, மாதம் 500 முதல் 750 ரூபாய். வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளை அவள் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக்கொண்டு போய் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பாள். வராந்தாவில், மாடிப்படியில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் இதைச் சீட்டுக் குலுக்கிப் பள்ளிகளைப் பிரித்துச் சோதித்தார்கள். சோதித்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. இந்த மாதிரிச் சோதனைகளுக்காகத்தான் 2019இல் மைக்கேல் கிரெமரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு வந்தது. (பானர்ஜி பிறந்ததே பம்பாயில்தான்.) இரண்டாம் வருஷ முடிவில் கிடைத்த முன்னேற்றத்தை என் கணக்கில் சொன்னால், நூறு பிள்ளைகள் வரிசையில் கீழிருந்து ஐம்பதாவதாக நின்ற பிள்ளை அறுபத்தொன்றாவது இடத்துக்கு வந்தது போல. அதிகம் முன்னேறியது கடைசி வரிசைப் பிள்ளைகள்தான். பாதிப் பேர் வெளியே போனதால் வகுப்பில் கூட்டம் குறைந்ததே, உள்ளே இருந்தவர்களுக்கு லாபம் உண்டா என்றும் பார்த்தார்கள். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே அம்மா, உங்கள் சால் குடியிருப்பில் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண்ணைப் பாருங்கள். அரைமணி நேரம் போதும். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவன் எந்தப் படியில் நிற்கிறானோ அங்கேயிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் பார்த்தும் அசையவில்லை என்றால் கண், காது இரண்டையும் சோதியுங்கள். அப்புறம் சயான் ஆஸ்பத்திரியில் கற்றல் குறைபாட்டுக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஆசிரியர் வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வகுப்பில் 36 பிள்ளைகள், ஆறு விதமான மட்டம். பயிற்சிக்குப் போனால் ‘ஆராய்ச்சி சொல்கிறது’ என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டுகிறார்கள். திரும்பி வந்தால் போர்ஷனை முடி என்கிறார்கள். ஆராய்ச்சியால் எனக்கு என்ன பயன், டீச்சர்?
ஓர் ஆசிரியர், கோவண்டி

தம்பி, உங்கள் எரிச்சலுக்கும் ஆராய்ச்சி இருக்கிறது. மேலே சொன்ன பால்சகியைச் சோதித்த அதே கூட்டம், அரசு ஆசிரியர்களே இப்படி மட்டம் பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பீகாரிலும் உத்தராகண்டிலும் பார்த்தது. பயிற்சி கொடுத்தார்கள், அட்டைகளும் புத்தகங்களும் கொடுத்தார்கள். பள்ளி நடக்கிற நாட்களில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லையோ என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் பீகாரில் அதே அரசு ஆசிரியர்கள் கோடை விடுமுறை முகாமில், போர்ஷன் தொல்லை இல்லாமல் ஒரு மாதம் மட்டம் பிரித்துச் சொல்லிக்கொடுத்தபோது பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அப்படியானால் குறை எங்கே? மணி அடித்தால் போர்ஷன் என்கிற ஏற்பாட்டில்.

2012–13இல் ஹரியானாவில் அதையும் சரிசெய்து பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் தினம் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்ற பிரிவே கிடையாது. எழுத்துக்காரர்கள் ஓர் அறை, சொல்காரர்கள் ஓர் அறை, கதைக்காரர்கள் ஓர் அறை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. மேற்பார்வை பார்க்க வேண்டிய அதிகாரிகள், ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்படுமுன் 15, 20 நாள் தாங்களே பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டியிருந்தது! அங்கே மொழிப்பாடத்தில் பலன் தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தை. ஒரு மணி கிடைக்காவிட்டால் 40 நிமிஷம். மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ பேரைச் சொல்லிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பதுதானே 2021இல் வந்த அந்தத் திட்டத்தின் இலக்கே. ஆனால் நிமிஷத்துக்கு 60 சொல் என்று அதில் வருகிற எண்ணை வைத்துக்கொண்டு கைக்கடிகாரமும் கையுமாகப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். நம் மொழியில் ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது ஒரே சொல். பக்கத்து அறை இந்திக்காரருக்கு அது மூன்று சொல். இதற்காகவே 2022இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) மொழிக்கு மொழி தனித்தனி அளவு வைத்துக் கணக்கெடுத்தது.

கேள்வி: ‘ஆசிரியர்கள் கூடிப் பேச வேண்டும்’ என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். வாட்ஸாப் குழுவில் குட் மார்னிங் பூ, சம்பள பில், கூட்டச் சுற்றறிக்கை. பாடத்தைப் பற்றிப் பேசினால் ‘இவளுக்கு என்ன, பெரிய இவளா’ என்று பார்க்கிறார்கள்.
ஓர் ஆசிரியை, செம்பூர்

வர வேண்டாம், எனக்குத் தெரியும். நான் இருந்த கட்டடத்தில் நாலு பள்ளிகள். கீழே மராத்தி, முதல் மாடி இந்தி, இரண்டாவது உருது, மொட்டை மாடிக்குக் கீழே வெயில் இறங்குகிற மாடியில் நாம். நாலு தலைமையாசிரியர், நாலு ஸ்டாஃப் ரூம், நாலு டீ கெட்டில். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் நாலு மொழி ஆசிரியர்கள் படிக்கட்டில் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. பதினெட்டு வருஷம் நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு.’ என் டீச்சர் எனக்குச் சொன்னது, நான் நூறு தடவை சொன்னது. ஒரு பையன் எழுந்தான். “‘கடன் வாங்கு’ என்றால் யாரிடம், டீச்சர்? எப்போ திருப்பிக் கொடுக்கணும்?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து உட்காரவைத்தேன். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. அவன் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வட்டிக்காரர் வருவார், அது எனக்கே தெரியும். வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்கில் நாம் வாங்குகிற கடனை எந்தக் காலத்திலும் திருப்புவதே இல்லை. அவன் நோட்டைப் பார்த்தால், வாங்கிய ஒன்றை அடுத்த கணக்கில் கூட்டிக் கொடுத்திருக்கிறான்! நான் அதுவரை அதற்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தேன். தவறுக்கு ஒரு நியாயம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் கீழே மராத்திப் பள்ளிக்குப் போனேன். அங்கே பிள்ளைகள் டீச்சரை ‘பாயி’ என்பார்கள். அந்தப் பாயியிடம் என் உடைந்த மராத்தியில் கேட்டேன், நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று. ‘ஹாத்சா’ என்போம், ஆனால் அதுவும் பாதிப் பிள்ளைகளுக்கு மந்திரம்தான், வந்து பாருங்கள் என்றார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். காகிதத்தில் பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய்க் காசு வெட்டி வைத்திருந்தார். நாலு நோட்டு, இரண்டு காசு. ஏழு காசு கொடு என்றால் கையில் இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்வாய்? வகுப்பே கத்தியது: “சுட்டே!” சில்லறை மாற்றுவோம். ஒரு பத்து ரூபாய் நோட்டு போய்ப் பத்துக் காசு வந்தது. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, மிச்சம் மூன்று நோட்டில் ஒன்று போக இரண்டு. 25.

மேலே வந்து ‘கடன் வாங்கு’ என்ற சொல்லையே விட்டுவிட்டேன். ‘சில்லறை மாற்று.’ என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இட்லி விற்கிற வீட்டுப் பிள்ளைகள். விடியற்காலையில் அண்டாவோடு கிளம்புகிற அப்பாவுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு நான் போய்க் கழித்தல் சொல்லிக்கொடுத்தேன் பாருங்கள்!

பதிலுக்கு நான் ஒன்று கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மராத்தியில் 47 ‘சத்தேசாளீஸ்’. ஏழு முன்னால், நாற்பது பின்னால். கேட்டபடி எழுதுகிற பிள்ளை 74 என்று எழுதிவிடும். என் வகுப்புக்கு வந்து ‘நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு’ என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுவிட்டு, “உங்களுக்கு எழுதுகிற வரிசையிலேயே வாயும் போகிறதே” என்று பாயி ஆச்சரியப்பட்டார். வருஷங்கள் கழித்து, 2019இல், மகாராஷ்டிர அரசின் பாடநூல் நிறுவனமான பால்பாரதியின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘பாவன்ன’வுக்குப் பதில் ‘பன்னாஸ் தோன்’, அதாவது ஐம்பது இரண்டு, என்று கொண்டுவந்தார்கள். ஊரே சண்டை போட்டது. அந்தப் பாடக் குழுவில் இருந்த மங்களா நார்ளீகர், தெற்கு மொழிகளில் இப்படித்தானே சொல்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்தவுடன் பாயிக்குத்தான் போன் போட்டேன்.

ஜப்பானில் இதை முறையாகவே செய்கிறார்கள், ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எங்கே பென்சிலைக் கீழே வைத்தது, யார் யாருடையதைப் பார்த்து எழுதியது என்று. அப்புறம் உட்கார்ந்து பாடத்தைத் திருத்துவார்கள். நம் ஊரில் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் நுழைந்தால் அது இன்ஸ்பெக்ஷன். அந்தப் பயம் போக ஒரே வழி, முதலில் நீங்கள் போய் ‘எனக்கு இந்தக் கணக்கு வரமாட்டேன் என்கிறது, உங்கள் வகுப்பில் வந்து உட்காரட்டுமா’ என்று கேட்பது. குழுவில் கேட்காதீர்கள். ஒருவரிடம் கேளுங்கள். வேறு மாடியில் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே சீனியாரிட்டிச் சண்டை கிடையாது.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். ஆர்.டி.இ. லாட்டரியில் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடைக்குமாமே, உண்மையா? ஒரு புரோக்கர் 20,000 கேட்கிறான்.
ஒரு தந்தை, ஆன்டாப் ஹில்

உண்மை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் கிடையாது, தேர்வு குலுக்கலில். குலுக்கலில் புரோக்கருக்கு என்ன வேலை? துரத்திவிடுங்கள். முகவரிச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கூடவே ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்ற சான்றிதழ் அல்லது சாதிச் சான்றிதழ், இவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைக்காது. பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி இடம் தர வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் விதியை மாற்றினார்கள். அந்த ஜூலையிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. யாராவது அதைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

கேள்வி: என்னைப் பள்ளி நிர்வாகக் குழுவில் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, சமோசா கொடுத்து, கையெழுத்து வாங்குகிறார்கள். நான் ஏழாவது வரைதான் படித்தேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை.
ஒரு தாய், மான்குர்த்

சமோசாவைச் சாப்பிடுங்கள், கையெழுத்தை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போடுங்கள். அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விருந்தாளியாகக் கூப்பிடவில்லை உங்களை. பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்றை எழுத வேண்டியது இந்தக் குழுதான்.

கட்டடம், பெயின்ட், ஃபேன் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தானாக வாசிப்பார்கள்?’ பதில் சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்திலும் அதையே கேளுங்கள். சொன்னால், வாசிக்காத பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். எண்ணிக்கை அல்ல, பெயர். என் அனுபவத்தில், அந்தப் பட்டியலில் பாதிப் பேர் அந்த வருஷம் வீடு மாறியவர்கள் அல்லது ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்தவர்கள். மே மாதம் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினால் ஜூலையில் கோயில் கொடை முடிந்துதானே சிலர் திரும்புகிறார்கள்! அவர்களைத் திட்டிப் பயனில்லை. வந்த பிறகு அந்த இரண்டு மாதத்தை யார் ஈடுகட்டுவது என்பதைத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மாநகராட்சிப் பள்ளியைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?
ஒரு வாசகர், டோம்பிவிலி

மூத்தவள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை, என் பள்ளியிலேயே. அப்புறம் தனியார் ஆங்கிலப் பள்ளி. இளையவன் தொடக்கத்திலிருந்தே தனியார். ஏழாவதோடு எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு முடிந்துவிடும், மேலே என்ன என்று தெரியாத பயம். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அதே பயம் இருந்தது. எனக்கு ஃபீஸ் கட்டச் சம்பளம் இருந்தது. உங்கள் கேள்வி நியாயமானது, எனக்கு அதற்கு நல்ல பதில் கிடையாது.

கேள்வி: நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஒரு தமிழ்ப் பள்ளிக்கு 20 டேப்லெட் வாங்கித் தர நினைக்கிறோம். சரியான யோசனையா?
ஒரு வாசகர், பவாய்

பால்சகி சோதனை நடந்த அதே காலத்தில் வதோதராவில் கம்ப்யூட்டரையும் சோதித்தார்கள். நாலாம் வகுப்பு, வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளைகள், கணக்கு விளையாட்டு. கணக்கில் நல்ல முன்னேற்றம், பால்சகியைவிட அதிகமாகவே. ஆனால் அங்கே பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார், பிள்ளை எந்த மட்டமோ அந்த மட்டத்து விளையாட்டும் இருந்தது. நீங்கள் வாங்கித் தரும் டேப்லெட்டில் தமிழில் என்ன இருக்கும், சார்ஜ் யார் போடுவார், பீரோ சாவி யாரிடம் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்குங்கள். பீரோவுக்குள் பூ வைத்துப் பொட்டு வைத்த டேப்லெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டால் நான் உங்களைத்தான் கேட்பேன், டேப்லெட்டை அல்ல. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்கள் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்களே, அதை கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் கிராமப்புறத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் உங்களால் முடியுமா? ஒரு வருஷம் விடாமல் வர வேண்டும். மூன்று வாரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு காணாமல் போவதானால் டேப்லெட்டே மேல்.

இன்னொன்று. உங்கள் பவாயிலிருந்து மான்குர்த் ஒன்றும் தூரமில்லை. அங்கே இருக்கிற ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் தொடங்கியது எங்கே தெரியுமா? நானா சௌக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் சில அறைகளில். பிள்ளைகளோடு என்ன செய்வது என்று புரியாவிட்டால் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. காலை ஷிஃப்ட். எங்கள் சந்தில் ஆறரைக்குத்தான் தண்ணீர் வரும். அம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடித்து, தம்பியைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு வரும்போது 20 நிமிஷம் லேட் ஆகிறது. லேட்டாக வந்தால் முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி என்கிறார்கள். முதல் பீரியட் கணக்கு.
ஒரு மாணவி

கண்ணு, இந்தப் பக்கத்தை உன் டீச்சரிடம் காட்டு. கோபம் வந்தால் என் மேல் கோபிக்கச் சொல்.

டீச்சர், இது உங்களுக்கு. பிள்ளையை உடலாலோ மனத்தாலோ வருத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. அதை வைத்து உங்களிடம் சண்டைக்கு வரவில்லை, நானே எத்தனையோ பேரை வெளியே நிற்கவைத்தவள். ஆறரைக்குக் குழாயடியில் நிற்கிற பிள்ளைக்கும், வீட்டுக்குள் குழாய் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே மணி அடிக்கிறோம். 20 நிமிஷம் லேட்டாக வருகிறவள் நாம் வெளியே நிறுத்துவதால் இன்னொரு 20 நிமிஷத்தையும் இழக்கிறாள், அதுவும் கணக்கில். முதல் பீரியடில் ஓவியமோ உடற்பயிற்சியோ வைத்துக் கணக்கை மூன்றாவதுக்குத் தள்ள முடியுமா, டைம்டேபிள் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடியாது என்றால் உள்ளே விடுங்கள், கதவோரம் ஓர் இடம் அவளுக்கென்று இருக்கட்டும். வகுப்பில் இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிய வருஷம் எட்டுப் பேர் இருந்தார்கள், ஏழு பேர் பெண் பிள்ளைகள்.

கண்ணு, பக்கத்து பெஞ்சுத் தோழியின் கணக்கு நோட்டை இன்டர்வெலில் வாங்கிக்கொள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று நீ எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அதையும் எழுது.